கலந்தர்லெவ்வை பாட்டை நிறுத்திய இடம்

தன்னுடைய மௌத்துச் செய்தியைக்கூட ஒழுங்காகச் சொல்ல விடாமல் போனவன் கலந்தர்லெவ்வை.

அன்று காலை மாவடிப்பள்ளி வயல் வட்டையில் வரம்பு கட்டிக்கொண்டு நின்றேன். பள்ளி ஒலிபெருக்கி கரகரத்தது. ஜனாஸா அறிவித்தல் என்று தெரிந்ததும் வயலில் நின்ற ஐந்து பேரும் மண்வெட்டியை ஊன்றிவிட்டு நிமிர்ந்தோம். "கல்முனையைச் சேர்ந்தவரும், நம் எல்லோராலும் அறியப்பட்ட இஸ்லாமிய கீதப் பாடகருமான..." என்று சொல்லிவிட்டு அறிவித்தவன் நின்றுவிட்டான். ஒலிபெருக்கியில் காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. பக்கத்து வயல்காரன் முத்தலிபு பொறுமை இழந்து, "ஆரு எண்டு சொல்லித் துலையன்டா, மனிசன் மூச்சடைச்சுச் சாகப்போறான்" என்றான். அதற்குப் பிறகுதான் பேர் வந்தது.

மற்ற நான்கு பேரும் வரம்பில் உட்கார்ந்தார்கள். நான் உட்காரவில்லை. எனக்கு முதலில் வந்தது கோபம். அறிவித்தவன் மீலாத் போட்டிகளில் பரிசு வாங்கிய பையன். கலந்தரின் பாட்டைப் பாடிப் பாடி, பாட்டுக்கு நடுவில் நிற்கிற கலந்தரின் பழக்கத்தையும் எடுத்துக்கொண்டவன். இன்றைக்கு இந்தக் கரை முழுவதும் அப்படித்தான் நிற்கிறது. செத்த செய்தியிலும் இந்த நிறுத்தம்தானா என்று வானத்தைப் பார்த்துக் கேட்டேன். பிறகுதான் 'இன்னா லில்லாஹி' சொன்னேன். அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

இந்த நினைவு மலரைப் படிக்கிறவர்களுக்கு அவனைத் தெரியும். கல்முனைக் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்தான். வானொலியில் பாடினான், கந்தூரிகளில் பாடினான், மூன்று தலைமுறையின் கல்யாணங்களில் பாடினான். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்வதை மலர்க்குழு ஆசிரியர் ஒருவர் எழுதுகிறார். 'அவர்' என்று போடட்டுமா என்று கேட்டார். அறுபது வருஷமாக அவன் என்று கூப்பிட்டவனை மௌத்தான பிறகு அவர் ஆக்கினால் அவனே சிரிப்பான். அவன் என்றே எழுதச் சொன்னேன்.

அந்த நிறுத்தத்தைப் பற்றித்தான் நான் பேச வந்தது. போன வருஷம் பிள்ளைகளுக்கான கீதப் போட்டி ஒன்றில் என்னையும் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ஏழு பிள்ளைகள் ஒரே பாட்டைப் பாடினார்கள். ஆறு பேர் ஒரே இடத்தில் நின்று, கண்ணை மூடி, கையை நெஞ்சில் வைத்து, பிறகு தொடர்ந்தார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும் நிற்காமல் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தெளிவாகப் பாடினாள். அவளுக்குத்தான் புள்ளி குறைவு. உணர்வு போதாதாம். பிள்ளை தாயின் சீலைக்குள் முகத்தை வைத்து அழுதாள்.

நடுவராக இருந்தவரிடம் போய், "தம்பி, அந்தப் புள்ளதான் பாட்டுப் பாடின. மத்ததெல்லாம் பாட்டுக்குள்ள நிண்டு யோசிச்சதுகள்" என்றேன்.

அவர் சிரித்தார். "அலியார் அப்பா, அதான் கலந்தர் பாணி. கடல் ஊருக்குள்ள வந்த பிறகு அவர்ர மூச்சில விழுந்த வெட்டு அது. அந்த இடத்திலதான் பாட்டுக்கு உயிரே இரிக்கி."

போட்டி மேடையோடு நிற்கிறதா? எங்கள் ஒழுங்கையில் வருகிற மீன்காரன்கூட, "உயிர் மீன்..." என்று கூவிவிட்டு என்ன மீன் என்று சொல்லாமல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பெண்கள் சட்டியோடு படலையில் காத்து நிற்கிறார்கள்.

மூச்சிலாவது வெட்டாவது. அவனுக்கு வரி மறந்தது. மறந்த வரியை எடுத்துக் கொடுத்தவன் நான். இருபது வருஷம் மேடையில் அவனுக்கு இடது பக்கம், மடியில் ஒரு றபான் மேளத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆளை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். எனக்கு றபான் தட்டத் தெரியாது. சும்மா மேடையில் இருந்தால் ஆர் என்று கேட்பார்கள் என்று அவன்தான் அதை என் மடியில் வைத்தான். அக்கரைப்பற்றில் ஒருவர் என் கையைப் பிடித்து, "உங்கட தட்டு நல்ல மெதுவான தட்டு" என்று பாராட்டினார். நான் ஒரு விரலைக்கூட அசைத்திருக்கவில்லை.

இதை ஆருக்கும் சொல்லாதே என்று கலந்தர் கேட்டிருந்தான். சொல்லவில்லை. அவன் போய்விட்டான். இனிச் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த நிறுத்தம் மறதி, அந்த மறதிக்கு மறுமொழி நான் என்று ஒரு இடத்திலாவது எழுதப்பட வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. ஒளித்துச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஆசையோடுதான் மலர்க்குழுவுக்கு வருகிறேன் என்றேன்.

முந்தி அவன் எப்படிப் பாடினான் என்று இப்போது இருக்கிறவர்களுக்குத் தெரியாது. மூச்சு விடவே நிற்கமாட்டான். சாய்ந்தமருதில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் கோட்டைத் தைக்கிறவனும் அவன், அன்றைக்குப் பாடுகிறவனும் அவன். வழக்கம்போல் பிந்தி வந்தான். கோட்டில் ஒரு கை இல்லை. மாப்பிள்ளையின் வாப்பா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கலந்தர் மேடையில் ஏறி உட்கார்ந்தான். கோட்டை மடியில் விரித்து, ஊசியில் நூல் கோத்து, பாடத் தொடங்கினான். நான்கு பாட்டு முடியும்போது கையும் பொருந்திவிட்டது. ஒரு வரி தடுமாறவில்லை, ஒரு தையல் பிசகவில்லை. இறங்கி வந்தவனை நான் ஏசினேன். "அவசரப்பட்டுத் தைச்சா கோட்டுத்தான் கெடும் மச்சான், கல்யாணம் கெடாது" என்றான். அவனிடம் சாரன் மூட்டக் கொடுத்துவிட்டு இரண்டு பெருநாள் பழைய சாரனோடு தொழப் போனவன் நான். என்னிடம் அந்தக் கதை எடுபடுமா?

நான் பாட்டுகளை மனப்பாடம் செய்ததும் அந்தக் கடையில்தான். சாரனுக்காகக் காத்துக் கிடந்த நேரத்தில் வேறு என்ன செய்வது? எழுத்துத் தெரியாதவனுக்குக் காதில் விழுந்தது வெளியே போகாது. வட்டையில் எந்த வாய்க்காலில் ஆருக்கு எந்த நாள் தண்ணீர் என்று என்னிடம்தான் கேட்பார்கள். அப்படித்தான் அவனுடைய பாட்டுகளும் என் தலையில் ஏறின.

பிறகு கடல் வந்தது. என் வீடு கரையிலிருந்து மூன்றாவது வளவு. என் பெண்டாட்டி சுபைதா போனாள். வீடு இருந்த இடமும் போனது. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. தகரக் கொட்டில் ஒன்று தந்தார்கள். அதற்குள் இருந்தேன். கதைக்க வந்தவர்களோடு நான் கதைக்கவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்களைக் கண்டால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

ஏழெட்டு மாதம் கழித்துக் கலந்தர் சைக்கிளில் வந்தான். சலாம் சொன்னான். சுகம் கேட்கவில்லை, துஆச் செய்யவில்லை, சுபைதாவின் பேரை எடுக்கவில்லை. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாசலில் குந்தினான்.

"மச்சான், எனக்கு ஒரு கரைச்சல்" என்றான். "பாட்டு மறந்து போகுது. பாதியில நிண்டுருது. நீ வந்து பக்கத்தில இரிக்கணும்."

"கொப்பியப் பாத்துப் பாடு."

"கண்ணாடியக் காணல்ல."

"கண்ணாடியத் தேடு. எழுத்துத் தெரியாதவனிட்ட வந்து வரி கேக்கிறாய், வெக்கமில்லயா ஒனக்கு?"

"எழுத்துத் தெரிஞ்சவன் கொப்பியப் பாப்பான் மச்சான். நீ என்னப் பாப்பாய்."

மூன்று நாள் வந்தான். நான்காம் நாள் அவனுடைய கரைச்சல் தாங்காமல் எழும்பிப் போனேன்.

முதல் மேடை பாண்டிருப்பில். கடல் கொண்டுபோனவர்களுக்காகக் கோயில் வீதியில் கூட்டம் வைத்திருந்தார்கள். கலந்தரையும் அழைத்திருந்தார்கள். நல்லாகத்தான் பாடிக்கொண்டு போனான். இரண்டாம் அடியில் திடீரென்று நின்றான். சனம் எல்லாம் அவனைப் பார்க்கிறது, அவன் என்னைப் பார்க்கிறான். எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. பல மாதமாக ஒழுங்காகக் கதைக்காத வாய். ஒருவாறு அடுத்த வரியைச் சொன்னேன். அவன் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனான்.

முடிந்ததும் ஒரு வயதான அம்மா மேடைக்குப் பக்கத்தில் வந்தார். "தம்பி, நீங்க அந்த இடத்தில நிண்டீங்களே, அப்பதான் எனக்கு அழ நேரம் கிடைச்சுது. மற்ற ஆக்கள் எல்லாம் கெதி கெதியா ஆறுதல் சொல்லிப்போட்டுப் போயிர்ராங்க" என்றார்.

கலந்தர் மறுக்கவும் இல்லை, ஓம் என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்தான். அந்த அம்மாவோடு தொடங்கியதுதான் இந்தப் பாணி. கடலின் வெட்டு, உயிர் என்று கதை ஊர் ஊராகப் போனது. அன்று வேனில் திரும்பும்போது அவன் கச்சான் கடலையை உடைத்துத் தின்றுகொண்டு, "ரெண்டாம் அடிய நீ பிந்திச் சொன்ன மச்சான். மறுகா கெதியாச் சொல்லு" என்றான். அந்தக் கச்சான் கோதை அவன் முகத்தில் எறிந்தேன்.

அதற்குப் பிறகு இருபது வருஷம் என்னைப் படுத்தினான். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் மறப்பான். போன கிழமை மறந்த வரியை இந்தக் கிழமை கச்சிதமாகப் பாடுவான். நான் கவனமாக இருக்காத இடமாகப் பார்த்து நிற்பான். அதனால் எல்லாப் பாட்டையும் எல்லா நேரமும் நான் தலைக்குள் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தால் சோற்றுக்கு என் வீட்டுக்கு வந்துவிடுவான். பயிற்சியாம். நான் ஆக்கிய மீன் குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று குறை சொல்லிக்கொண்டே மூன்று தரம் போட்டுத் தின்பான். வேன் ஏழு மணிக்கு என்றால் அவன் எட்டரைக்கு வருவான். எத்தனை தரம் "வேற ஆளப் பாரு" என்று சொல்லியிருப்பேன். "ஆர் இரிக்கா?" என்பான். அதோடு முடிந்துவிடும்.

ஒருநாள் அவனுக்குப் பாடம் படிப்பிக்க நினைத்தேன். வரிப்பத்தான்சேனையில் அறுவடை முடிந்து ஒரு கல்யாணம். பாட்டில் நின்றான். நான் வாயைத் திறக்கவில்லை. றபானைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஆர்மோனியக்காரன் ஒரே கட்டையை அமுக்கிக்கொண்டு வியர்த்துப்போனான். கலந்தர் என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் பயம் இல்லை. சிரித்துக்கொண்டு, எனக்காக இரவெல்லாம் காத்திருக்கலாம் என்பதுபோல் கால் மேல் கால் போட்டான். சனம் கைதட்டத் தொடங்கியது. பெண்கள் பக்கத்தில் ஆரோ விம்மினார்கள். கடைசியில் எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது. வரியைக் கொடுத்தேன். நீங்கள் எல்லாம் கைபேசியில் அனுப்பிக் கேட்டு அழுகிறீர்களே, அந்த நீண்ட நிறுத்தம் அதுதான். அது இரண்டு கிழவர்களின் பிடிவாதம்.

இதையெல்லாம் மலரில் சொல்வதற்கு முன் அவனுடைய பெண்சாதியிடம் ஒரு சொல் கேட்க வேண்டும் என்று தோன்றியது. மௌத்தானவனின் குறையைப் பேசுவது சரியில்லை என்று எனக்கும் தெரியும். அவ இத்தாவில் இருக்கிறா, புருஷனை இழந்தவ மறைவில் இருக்கிற நாட்கள். நான் முன்னறையில் உட்கார்ந்தேன். உள்ளறை வாசலில் திரை. மகன் எனக்குப் பக்கத்தில். நான் அவவை மைனி என்பேன், அவ என்னைக் காக்கா, அதாவது அண்ணன், என்பா.

"மைனி, உங்கட்ட ஒரு உத்தரவு கேக்க வந்த" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவனுக்கு வரி மறந்தது, நான் எடுத்துக் கொடுத்தது, இனி அதை எழுதப் போவது.

 திரைக்குப் பின்னால் சிரிப்புக் கேட்டது. மகன் கூச்சத்தோடு நிலத்தைப் பார்த்தான்.

"ஆருக்கு காக்கா வரி மறந்த? இந்த மனிசனுக்கா? மெசினில குந்தினா எல்லாப் பாட்டையும் ஒரே மூச்சில பாடி முடிப்பார். சட்டைக்கு பொத்தான் வெக்க மறப்பார். பாட்டு மறந்ததே இல்ல."

"அப்ப மேடையில?"

"மேடையில மறந்தாத்தானே நீங்க வருவீங்க."

எனக்கு விளங்கவில்லை. அவ சொன்னா: "நீங்க கொட்டிலுக்குள்ள ஆரோடயும் கதைக்காமக் கிடந்தீங்க. சோறு குடுத்து அனுப்பினாலும் திருப்பி வந்துரும். ஒருநாள் வந்து சொன்னார், 'அவனுக்கு ஆறுதல் சொன்னா கேக்கமாட்டான். அவனிட்டக் கேட்டாத் தருவான்' எண்டு. அண்டைக்குத்தான் சைக்கிள எடுத்துக்கிட்டு வந்த."

நான் எழும்பிவிட்டேன். இருந்த கதிரை சாய்ந்தது. "மைனி, ஒரு வருசம் காணாதா? ரெண்டு வருசம்? இருவது வருசமா ஒரு மனிசன றபானோட குந்தவெச்சு ஏமாத்துறதா?"

"நானும் கேட்டன் காக்கா. 'இப்ப நிப்பாட்டினா அவனுக்கு விளங்கிரும்' எண்டார். பொறகு கேட்டன். 'பழகிட்டுது' எண்டார். உப்புக்கறி திண்டு பழகினவருக்கு வேற என்ன?"

எத்தனை வேன், எத்தனை குழி விழுந்த ரோட்டு, காய்ச்சலோடு போய்க் குந்திய எத்தனை மேடை. எல்லாவற்றுக்கும் சேர்த்து அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. உலுக்குவதற்கு ஆள் இல்லை. நான் மலரில் கேட்க வந்த இடமும் இல்லை என்றாகிவிட்டது. அவனுக்கு நான் தேவைப்படவே இல்லை. கதிரையை நிமிர்த்திவிட்டுப் போகத் திரும்பினேன்.

"இரிங்க காக்கா" என்றா. குரல் மாறியிருந்தது. "கடைசில உண்மையா மறந்தார்."

படுக்கையில் விழுந்த பிறகு பேரப்பிள்ளைகளின் பேர் மாறிப் போனதாம். கிழமை மாறிப் போனதாம். பாட்டு மட்டும் மாறாமல் இருந்ததாம். கடைசிக்கு முந்தின நாட்களில் அதிலும் ஒரு வரியைச் சொல்லிவிட்டு அதற்கு மேல் போக முடியாமல், திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டு கிடந்தானாம். "அலியார் வந்துட்டானா?" என்று வாசலைப் பார்ப்பானாம். மகன் எனக்கு போன் எடுத்திருந்தான்.

ஓம், எடுத்திருந்தான். எனக்கு நினைவிருக்கிறது. "வாப்பா ஒரு வரி கேக்கிறார், ஒருக்கா வந்துட்டுப் போங்க மாமா" என்றான். எனக்கு அன்றைக்குத் தண்ணீர் முறை. வாய்க்காலில் கால் வைத்துக்கொண்டு நின்றேன். இந்த மனிசனுக்கு வேறு வேலையில்லை, படுக்கையிலும் தொடங்கிவிட்டான் என்று எரிச்சல் வந்தது. "கொப்பியப் பாக்கச் சொல்லு மவன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். மூன்றாம் நாள்தான் பள்ளியில் அறிவித்தார்கள்.

"கொப்பியெல்லாம் பெரட்டினம் காக்கா. அந்தப் பாட்டு ஒண்டிலயும் இல்ல."

 எந்த வரி என்று கேட்டேன். திரைக்குப் பின்னால் அவ மெதுவாகச் சொன்னா:

"அலைக்குத் தெரியாது, ஆர் ஆருடைய பிள்ளை என்று..."

அது கொப்பியில் இருக்காது, அவன் மேடையில் ஒருநாளும் பாடாத பாட்டு. ஒரு வெள்ளிக்கிழமை சோறு தின்ற கையைக் கழுவாமல் என்னிடம் பாடிக் காட்டினான். எழுதிவை என்றேன். "இது உன்ட தலையில இரிக்கட்டும்" என்றான். சோம்பல் என்று நினைத்து அதற்கும் ஏசினேன். அவன் பாடியது ஒரே தரம். எனக்கு ஒரு தரம் போதும் என்று அவனுக்குத் தெரியும்.

அடுத்த வரியைத் திரைக்கு நேராக நின்று சொன்னேன்:

"அழைத்தவன் அறிவான், அழாதே நெஞ்சே நின்று."

அவ அதை ஒருமுறை திருப்பிச் சொன்னா. பிறகு இரண்டு வரியையும் சேர்த்துச் சொன்னா. மகன் எழும்பி வாசலுக்குப் போய்விட்டான்.

உத்தரவு கிடைத்ததா என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். "உள்ளத உள்ளபடி எழுதச் சொல்லுங்க, என்ட மனிசன் செய்த கூத்து எல்லாருக்கும் தெரியட்டும்" என்று மைனி சொல்லியிருக்கிறா. ஆகவே எழுதியாகிவிட்டது. போட்டி வைக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லுகிறேன். நிற்காமல் பாடுகிற பிள்ளைக்குப் புள்ளி குறைக்காதீர்கள். நிற்கத்தான் வேண்டுமென்றால், பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். தனியாக நிற்பது கலந்தர் பாணி இல்லை.

அவனுடைய தையல் மெசினை மகன் எடுத்துக்கொண்டான். கொப்பிகளை மலர்க்குழு வாங்கிக்கொண்டது. றபானைத் தட்டத் தெரிந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். அவனுடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு வரிதான். மைனிக்குச் சொன்னேன். அவனை அடக்கிய மையவாடிக்குப் போய்த் தலைமாட்டு மீசான் கட்டையைப் பார்த்துச் சொன்னேன். இப்போது உங்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். கேட்டவனுக்குத்தான் சொல்லவில்லை.